இதழ்கள் எழுதாமல் விட்ட கார்கள்: தேடிப்பிடித்து எழுதப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளாசிக் கார் இதழ் எதை எடுத்தாலும் அட்டையில் எந்தக் கார் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911, ஃபோர்டு மஸ்டாங், மெர்சிடிஸ் 300எஸ்எல். அருமையான வண்டிகள்தான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அவற்றைப் பற்றிப் புதிதாக எழுத அதிகம் மிச்சமில்லை. அதே 1960-களிலும் 70-களிலும் அர்ஜென்டினா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, துருக்கி என்று பல நாடுகளில் உள்ளூர்ச் சந்தைக்கென்றே கார்கள் செய்தார்கள். அவற்றில் பல, நாட்டின் எல்லையைத் தாண்டியதே இல்லை. உள்ளூரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வண்டியோடு ஒரு ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கும். உலக இதழ்களிலோ அதற்கு அரைப் பக்கம் கிடைத்தாலே அதிகம்.

அப்படி ஒரு காரைத் தேடி, ஆராய்ந்து, இதழில் அச்சாகும் தரத்துக்கு எழுத ஆசைப்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் சொந்தமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இன்ஜினியரிங் படித்திருக்கவும் வேண்டாம். பொறுமை வேண்டும், ஒரு டார்ச் லைட்டும் நோட்டும் வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இத்தகைய கார்களைப் பற்றி வெளிநாட்டு இதழ்களில் வந்திருக்கும் கொஞ்சநஞ்ச எழுத்தும் பெரும்பாலும் 'அசலைப் பார்த்துச் செய்த மட்டமான நகல்' என்ற தொனியில் இருக்கும். அந்தத் தொனி உங்களையும் தொற்றிக்கொண்டால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும். 'இந்தக் கார் இங்கே மட்டும் ஏன் இப்படி வந்தது?' என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போங்கள். சட்டம், சாலை, எரிபொருள், தொழிற்சாலையில் கைவசம் இருந்த அச்சுகள் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்தக் காரணங்களைத்தான் நீங்கள் எழுதப்போகிறீர்கள்.

1. ஒரே ஒரு மாடலைப் பிடியுங்கள்

'பிரேசில் கார்களின் வரலாறு' என்று தொடங்கினால் முடிக்க மாட்டீர்கள். ஒரு மாடல், அதிலும் ஒரு வகை, ஒரு தொழிற்சாலை, சில ஆண்டுகள் என்று சுருக்குங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கார் எந்த ரகம் என்று தெரிந்திருந்தால் தேடல் எளிது. வெளிநாட்டு மாடலை வாங்கி உள்ளூரில் மாற்றியது ஒரு ரகம். ட்ரையம்ப் ஹெரால்ட் காரை பிரிட்டனில் நான்கு கதவோடு விற்கவே இல்லை. இந்தியாவில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம்தான் அதற்கு நான்கு கதவு வைத்தது. ஃபியட் 600 இத்தாலியில் இரண்டு கதவு வண்டி. அதை நீட்டி நான்கு கதவு வைத்து ஸ்பெயினில் சியட் 800 என்று விற்றார்கள். பிரேசிலின் செவ்ரோலே ஒபாலா இன்னும் சுவாரசியமானது. உடம்பு ஜெர்மனியின் ஓப்பல் ரெக்கார்டு, இன்ஜின் அமெரிக்க செவ்ரோலே. 1968-இல் வந்து 1992 வரை ஓடியது.

அடுத்த ரகம், உள்ளூரிலேயே வடிவமைத்தது, அல்லது அந்தச் சந்தைக்கென்றே வடிவமைப்பாளரை அமர்த்திச் செய்தது. ஆஸ்திரேலியாவின் லேலண்ட் பி76, பிரேசிலின் ஃபோக்ஸ்வேகன் எஸ்பி2, துருக்கியின் அனடோல் எஸ்டிசி-16 எல்லாம் இதில் வரும். மூன்றாவது, தாய் மாடல் செத்த பிறகும் பிள்ளை வாழ்ந்த ரகம். ஈரானின் பேய்கான், பிரிட்டனின் ஹில்மன் ஹண்டரிலிருந்து வந்தது. 1967-இல் தொடங்கி 2005 வரை செய்தார்கள். ஹண்டர் பிரிட்டனில் 1970-களோடு முடிந்துபோனது.

எந்த ரகமானாலும் சரி, ஒரு நிபந்தனை: உயிரோடு இருக்கும் ஒரு வண்டியையாவது நீங்கள் நேரில் போய்த் தொட்டுப் பார்க்க முடியவேண்டும். படத்தை மட்டும் பார்த்து எழுதினால், ஏற்கெனவே யாரோ எழுதியதைத்தான் திரும்ப எழுதுவீர்கள். இன்னொன்று, அந்த நாட்டு மொழியைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது பக்கத்தில் இருக்கட்டும். போர்ச்சுகீசிய மொழியிலோ துருக்கியிலோ இருக்கும் பழைய இதழ்களைத் தொடாமல் இந்த வேலை நடக்காது.

2. காருக்கு முன்னால் சட்டத்தைப் படியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இதுதான். என்னைக் கேட்டால் முக்கால்வாசி பதில்கள் இங்கேதான் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். காரின் இத்தனை விழுக்காடு உள்ளூரில் செய்ததாக இருக்கவேண்டும் என்று அரசு விதித்தது. அந்த விழுக்காட்டைப் பல ஆண்டுகள் விலையில் கணக்கிடவில்லை, எடையில் கணக்கிட்டார்கள். 1989 வரை இதுதான் நிலை. எடைதான் கணக்கு என்றால் கம்பெனி என்ன செய்யும்? கனமான பொருளை உள்ளூரில் செய்யும். காரிலேயே கனமான ஒற்றைப் பொருள் இன்ஜின். அதனால்தான் ஃபோர்டின் எசெக்ஸ் வி6 இன்ஜினை ஐரோப்பாவில் கைவிட்ட பிறகும் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் சியரா காருக்குள் போகாத 3 லிட்டர் எசெக்ஸ், அங்கே சியரா எக்ஸ்ஆர்6 ஆக ஓடியது. 'வேகப் பிரியர்களுக்காகச் செய்தார்கள்' என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

பிரேசிலில் காரணம் வேறு. 1976-இல் கார் இறக்குமதிக்குத் தடை வந்தது, 1990-இல்தான் நீங்கியது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வரவே வராது என்றானதும் பூமா மாதிரியான ஃபைபர் கிளாஸ் கார்களுக்கு நல்ல சந்தை அமைந்தது. அதே பூமா தொடக்கத்தில் ஜெர்மனியின் டிகேடபிள்யூ இன்ஜினோடு வந்தது. 1967-இல் டிகேடபிள்யூ கார்களை அங்கே செய்துவந்த வேமாக் நிறுவனத்தை ஃபோக்ஸ்வேகன் வாங்கியதும், பூமா ஃபோக்ஸ்வேகன் இன்ஜினுக்கு மாறியது. கம்பெனி கைமாறியதால் கார் மாறிய இன்னொரு கதை ஃபோர்டு கோர்செல். வில்லிஸ் ஓவர்லேண்டின் பிரேசில் கிளை, ரெனோவோடு சேர்ந்து ஒரு காரை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1967-இல் வில்லிஸ் ஃபோர்டின் கைக்குப் போனது. 1968-இல் அந்தக் கார் ஃபோர்டு என்ற பெயரில் வெளிவந்தது. அதன் உறவுக்காரரான ரெனோ 12 பிரான்சில் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ரெனோ காரின் நகல் என்று கோர்செலைச் சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

சில சமயம் காரணம் சட்டத்தில் இருக்காது, ஸ்டீயரிங் தண்டில் இருக்கும். பிஎம்டபிள்யூ 745ஐ ஐரோப்பாவில் டர்போ வண்டி. வலப்பக்க ஸ்டீயரிங் வைத்தால் அந்த டர்போவுக்கு இடம் போதவில்லை. அதனால் தென்னாப்பிரிக்காவில் 1980-களில் செய்த 745ஐ-க்குள் பிஎம்டபிள்யூவின் எம்1 ஸ்போர்ட்ஸ் கார் வழிவந்த 24 வால்வு இன்ஜினை வைத்தார்கள். சுமார் 200 வண்டிகள்தான் செய்தார்கள். ஐரோப்பியர்களுக்குக் கிடைக்காத ஒரு 7 சீரிஸ் அங்கே கிடைத்தது, இடப் பற்றாக்குறை புண்ணியத்தில்.

உங்கள் காருக்கும் இப்படி ஒரு பட்டியல் போடுங்கள்: இறக்குமதி வரி, உள்ளூர்ப் பாக விதி, இன்ஜின் அளவைப் பொறுத்த சாலை வரி, அப்போது கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் அளவு, எந்தப் பக்க ஸ்டீயரிங். ஒவ்வொன்றுக்கும் நேராக, அதனால் காரில் என்ன மாறியது என்று எழுதிக்கொள்ளுங்கள். பதில் இல்லாத இடத்தை வெறுமையாக விடுங்கள், பிறகு நிரப்பலாம்.

3. இரும்பு சொல்வதைக் கேளுங்கள்

இனி வண்டியிடம் போகலாம். உரிமையாளர் பேசத் தொடங்கும் முன் பானட்டைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கதையை முதலில் கேட்டுவிட்டால் கண் அந்தக் கதைக்கு ஏற்றதை மட்டும்தான் பார்க்கும்.

முதலில் அடையாளத் தகடு. இன்ஜின் அறையின் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ இருக்கும். அதை நேர் எதிரே நின்று ஒரு படம், சாய்வாக வெளிச்சம் விழவைத்து ஒரு படம். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளையும் பாருங்கள். சுற்றிலும் பெயிண்ட் ஒரே சீராக இருக்கிறதா, ரிவெட் மட்டும் பளபளவென்று புதிதாக இருக்கிறதா? தகடு எப்போதாவது கழற்றப்பட்டிருந்தால் அது அங்கே தெரிந்துவிடும். பிறகு பாடியில் நேரடியாகப் பொறித்த சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவை ஒத்துப்போகின்றனவா என்று வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

1980-களில் 17 எழுத்து அடையாள எண் முறை பரவிய பிறகு வந்த வண்டி என்றால் எண்ணின் தொடக்கமே எந்த நாட்டில் செய்தது என்று காட்டிக்கொடுக்கும். 9 பெரும்பாலும் பிரேசில், 8 என்றால் அர்ஜென்டினா பக்கம், 6 ஆஸ்திரேலியா. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. அதைப் படிக்க அந்த மாடலின் சங்கத்தினர் வைத்திருக்கும் பதிவேடு வேண்டும்.

பெரிய எண்களைவிட எனக்குப் பிடித்தவை சின்ன முத்திரைகள். கண்ணாடியின் மூலையில் செய்த கம்பெனியின் பெயரும் தேதிக் குறியீடும் இருக்கும். எல்லாக் கண்ணாடியும் உள்ளூர்க் கம்பெனியுடையது, ஒன்று மட்டும் வெளிநாட்டுடையது என்றால் அது பின்னால் மாற்றியதாக இருக்கலாம். அல்லது தொழிற்சாலை இரண்டு இடங்களில் வாங்கியிருக்கலாம். லூகாஸ் டைனமோவிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் மாதமும் ஆண்டும் குத்தியிருப்பார்கள். வார்ப்பிரும்பு இன்ஜின் பிளாக்கில் வார்த்த தேதி புடைத்து நிற்கும். பிளாஸ்டிக் பாகத்தின் பின்புறம் சின்ன வட்டம், அதற்குள் ஆண்டு, சுற்றி மாதங்கள், ஓர் அம்புக்குறி. சீட் பெல்ட்டின் துணிச் சீட்டிலும் தேதி உண்டு.

இந்தத் தேதிகளையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் வண்டியின் பிறந்த மாதம் கிட்டத்தட்டப் பிடிபட்டுவிடும். பாகங்கள் வண்டிக்குச் சில வாரங்களோ மாதங்களோ மூத்தவையாக இருக்கவேண்டும். வண்டி 1971, இன்ஜின் பிளாக் 1974 என்றால் இன்ஜின் மாறியிருக்கிறது. அது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்று எழுதக் கூடாது.

இன்னொரு சிக்கல் வட்டார மாடல்களுக்கே உரியது. உள்ளூர் ஸ்பேர் பார்ட்ஸ் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். தாய் மாடலின் பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும். புதுப்பிக்கும்போது கிடைத்ததைப் போட்டுவிடுவார்கள். உள்ளூரில் மட்டும் வந்த கிரில், டெயில் லைட், டேஷ்போர்டு மீட்டர் எல்லாம் இப்படித்தான் மறைந்துபோகின்றன. அதனால் பளபளக்கும் வண்டியைவிட, ஓரமாக நின்று துருப்பிடித்த, யாரும் கைவைக்காத வண்டி ஆராய்ச்சிக்கு மேல். கதவு அட்டையை யாராவது கழற்றும் வேளையில் நீங்கள் பக்கத்தில் இருக்க முடிந்தால் விடாதீர்கள். உள்ளே தொழிலாளி சாக்பீஸிலோ கிரேயானிலோ கிறுக்கிய வரிசை எண், நிறத்தின் பெயர், அரிதாகக் கையெழுத்துகூட இருக்கும்.

4. காகிதங்களில் எதை நம்புவது

விளம்பரக் கேட்லாக் அழகாக இருக்கும், ஆனால் ஆதாரமாக அதற்கு மதிப்புக் குறைவு. அச்சடித்தது வண்டி வெளிவரும் முன். படத்தில் இருப்பது மாதிரி வண்டியாக இருக்கலாம். தாய்க் கம்பெனியின் படத்தையே வாங்கி இடம் வலம் திருப்பிப் போடுவதும் உண்டு. இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை ஒரே நொடியில் வலப்பக்க வண்டி ஆக்கும் வித்தை அது. கண்டுபிடிக்க, வைப்பர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று உண்மையான வண்டியோடு ஒப்பிடுங்கள். படத்தில் ஆள் நின்றால் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில், அணிந்திருப்பவரின் இடப்புறம் மேலே வரவேண்டும். அவருடைய வலப்புறம் மேலே இருந்தால் படம் திருப்பியது.

நான் அதிகம் நம்புவது ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாகை. யாரையும் கவர்வதற்காக அச்சிட்டதில்லை அது. சரியான பாகத்தை அனுப்பத்தான். 'இந்தச் சேஸிஸ் எண்ணிலிருந்து பிரேக் டிரம் மாறுகிறது' என்று ஒரு வரி இருக்கும். விளம்பரம் மூச்சுவிடாத மாற்றங்கள் எல்லாம் அந்த வரிகளில் கிடைக்கும். டீலர்களுக்குக் கம்பெனி அனுப்பிய சர்வீஸ் சுற்றறிக்கைகள் இன்னும் மேல். எந்தப் பாகம் தொல்லை கொடுத்தது, கம்பெனி அதை எப்போது ஒப்புக்கொண்டது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

அடுத்து அந்தக் காலத்து உள்ளூர் இதழ்கள். உலக இதழ்கள் கண்டுகொள்ளாத வண்டியை உள்ளூர் இதழ் முழுதாகச் சோதித்து எழுதியிருக்கும். ஆஸ்திரேலியாவில் வீல்ஸ் 1953-இலும், தென்னாப்பிரிக்காவில் கார் 1957-இலும், பிரேசிலில் குவாட்ரோ ரோடாஸ் 1960-இலும் தொடங்கின. இவற்றின் பழைய தொகுப்புகளில் நிறுத்தக் கடிகாரம் வைத்து எடுத்த வேகக் கணக்கு, எரிபொருள் கணக்கு எல்லாம் உண்டு. லேலண்ட் பி76 காரை இன்று பலர் தோல்விக்கு உதாரணமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் 1973-இல் வீல்ஸ் இதழ் ஆண்டின் சிறந்த கார் விருதை அதன் வி8 மாடலுக்குத்தான் கொடுத்தது. விருது கொடுத்தவர்கள் கண்ணுக்கு அப்போது என்ன தெரிந்தது? ரோவரின் அலுமினிய வி8-ஐ 4.4 லிட்டராகப் பெரிதாக்கிய இன்ஜின், 44 கேலன் பீப்பாயே உள்ளே போகும் டிக்கி. பிறகு தயாரிப்புத் தரம் சொதப்பியது, எண்ணெய் நெருக்கடி வந்தது, கம்பெனி பணமில்லாமல் திணறியது. 1974-இல் ஆஸ்திரேலியத் தயாரிப்பு நின்றது. விருதையும் தோல்வியையும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் காருக்கு நியாயம் செய்ததாகும்.

தாய்க் கம்பெனியின் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதிப் பாருங்கள். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பாகங்களாகப் பெட்டியில் கப்பலேறிய வண்டிகளுக்குத் தாய்நாட்டுப் பதிவேட்டில் பெரும்பாலும் போய்ச்சேர்ந்த நாடும் தேதியும்தான் இருக்கும். நிறம், இருக்கைத் துணி, கோத்த நாள் எல்லாம் கோத்த இடத்தில் எழுதியவை.

5. ஆட்களிடம் பேசுங்கள், கதைகளைச் சோதியுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1970-இல் இருபது வயதில் அசெம்பிளி லைனில் நின்றவர் இன்று எழுபதைத் தாண்டியவர். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு 2016-இலும் ஹோல்டன் 2017-இலும் கார் தயாரிப்பை நிறுத்தின. தொழிற்சாலை மூடியதும் ஆட்கள் சிதறிப்போகிறார்கள், காகிதங்கள் குப்பைக்குப் போகின்றன.

பேசப் போகும்போது கையில் ஏதாவது பொருள் இருக்கட்டும்: ஒரு கைப்பிடி, ஒரு சின்னம், தொழிற்சாலையின் பழைய படம். 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்றால் மேடைப் பேச்சுதான் வரும். 'இந்தக் கதவை எப்படிப் பொருத்துவீர்கள், எது கஷ்டம்?' என்று கேளுங்கள். கைகள் தானாக அசையத் தொடங்கும். ரப்பர் பீடிங் சரியாக உட்காராததையும் மரச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ததையும் சொல்வார்கள். லைனில் நின்றவர்களுக்குச் செய்முறை மறக்காது, ஆண்டுகள் குழம்பும். மேலாளர்களுக்கு ஆண்டு மறக்காது, செய்முறை தெரியாது. இருவரிடமும் பேசுங்கள். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள்.

கேட்டதை அப்படியே எழுதிவிடவும் கூடாது. ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். துருக்கியின் அனடோல் ஃபைபர் கிளாஸ் கார். அதன் உடம்பை மாடுகள் தின்றுவிட்டதாக அங்கே ஒரு கதை உண்டு. இஸ்ரேலில் ஹைஃபாவில் செய்த சுசிதாவும் ஃபைபர் கிளாஸ்தான். அதை ஒட்டகம் தின்றதாகக் கதை. கிழக்கு ஜெர்மனியின் டிராபண்ட் பருத்திக் கழிவும் பிசினும் சேர்த்துச் செய்த டியூரோபிளாஸ்ட் உடம்பு; அதைப் பற்றியும் இதே மாதிரிக் கதை. மூன்று நாடுகளில் ஒரே கதை, விலங்கு மட்டும் வேறு. தகரம் இல்லாத காரைப் பார்த்த மக்களின் அவநம்பிக்கைதான் இப்படிக் கதையாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதுங்கள், ஆனால் கதை என்று சொல்லி எழுதுங்கள்.

இதைவிட நுணுக்கமானது அர்ஜென்டினாவின் டோரினோ. அமெரிக்க ராம்ப்ளரை அடிப்படையாக வைத்து, இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவிடம் தோற்றத்தைத் திருத்தி வாங்கி, 1966-இல் ஐகேஏ நிறுவனம் வெளியிட்ட கார். 1969 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் நடந்த 84 மணி நேரப் பந்தயத்துக்கு மூன்று டோரினோக்கள் போயின. அணிக்குத் தலைமை, ஐந்து முறை உலகச் சாம்பியனான ஃபான்ஜியோ. மூன்றாம் எண் வண்டி கடைசிவரை ஓடியது, 334 சுற்றுகள். வேறெந்தக் காரும் அத்தனை சுற்று ஓடவில்லை. ஆனால் அபராதங்களைக் கழித்த பிறகு அதற்குக் கிடைத்தது நான்காம் இடம். 'டோரினோ ஜெயித்தது' என்று சொல்பவரும் உண்டு, 'நான்காவதாக வந்தது' என்று ஒரு வரியில் முடிப்பவரும் உண்டு. இரண்டுமே வாசகரை ஏமாற்றுகின்றன. அதிகச் சுற்று ஓடியது, அபராதத்தால் நான்காம் இடம்: இந்த முழு வாக்கியத்துக்குத்தான் ஒரு நாடே பெருமைப்பட்டது.

6. எண்ணிக்கை

'மொத்தமே நூறுதான்', 'உலகத்திலேயே இது ஒன்றுதான்' என்று நிறையக் கேட்பீர்கள். திட்டமிட்டது, செய்தது, விற்றது, இன்று மிஞ்சியது நான்கும் வெவ்வேறு எண்கள். பந்தயத்தில் அனுமதி பெறுவதற்காகச் செய்த சிறப்பு மாடல்களில் இந்தக் குழப்பம் கூடுதல். தென்னாப்பிரிக்காவில் 5 லிட்டர் வி8 வைத்த செவ்ரோலே ஃபிரென்சா கேன்-ஆம் நூறு வண்டிகள் என்பார்கள். சாதாரண ஃபிரென்சாவைக் கேன்-ஆம் போல மாற்றினால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது, ஆகவே சேஸிஸ் எண் இல்லாமல் எதையும் எண்ணாதீர்கள். பி76-இன் கூபே வடிவமான ஃபோர்ஸ் 7வி, சந்தைக்கே வரவில்லை. சில டஜன் வண்டிகளைச் செய்து, விரல்விட்டு எண்ணக்கூடியவற்றைத் தவிர மற்றதை நசுக்கிவிட்டார்கள். இதில் 'எத்தனை செய்தார்கள்' என்ற எண்ணுக்கும் 'எத்தனை இருக்கின்றன' என்ற எண்ணுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

7. படங்கள்

முன்மூலையிலிருந்து சாய்வாக எடுத்த பார்வை, பின்புறம், உள்ளே, இன்ஜின் என்று வழக்கமான படங்களை யாரும் எடுப்பார்கள். இந்தக் கட்டுரைக்குத் தேவை வித்தியாசத்தைக் காட்டும் படம். தாய் மாடலில் இல்லாத கதவு மடிப்பு, உள்ளூர்ச் சின்னம், மீட்டரில் உள்ளூர் மொழி. மேகம் மூடிய பகல் நல்லது, நிழல் விழாமல் மடிப்புகள் தெரியும். நம்பர் பிளேட்டையும் வண்டி நிற்கும் இடத்தையும் மறைத்துவிடுங்கள். அரிய கார்கள் திருடுபோகின்றன. பழைய படங்களைப் பயன்படுத்தினால் உரிமை யாருடையது என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

8. எழுதி ஆசிரியருக்கு அனுப்புவது

முழுக் கட்டுரையை எழுதிவிட்டு இதழ் தேடாதீர்கள். முதலில் ஒரு பக்கக் கடிதம். இதழாசிரியரின் தயக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்: பெயரே கேள்விப்படாத காரை வாசகர் ஏன் படிக்கப்போகிறார்? அதற்குக் கடிதத்தின் முதல் வரியிலேயே பதில் இருக்கட்டும். 'தென்னாப்பிரிக்காவில் செய்த ஒரு பிஎம்டபிள்யூ பற்றி எழுத விரும்புகிறேன்' என்பது தகவல். 'வலப்பக்க ஸ்டீயரிங் வைத்ததும் டர்போவுக்கு இடமில்லாமல் போக, எம்1 இன்ஜினைத் தூக்கி ஏழாம் சீரிஸுக்குள் வைத்த கதை' என்றால் ஆசிரியர் அடுத்த வரியைப் படிப்பார். வண்டி எங்கே பார்க்கக் கிடைக்கும், யாரிடம் பேசியிருக்கிறீர்கள், எத்தனை படம் தயார், இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தெரிந்த மாடல் ஒன்றின் ஆண்டு நிறைவு வருகிறது என்றால், அதன் மறக்கப்பட்ட உறவுக்காரரை அப்போது முன்வைப்பது நல்ல தந்திரம். இதழ்கள் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடும், அதற்கேற்ப அனுப்புங்கள்.

எழுதும்போது தொழிற்சாலை வரலாற்றை முதல் பத்தியில் கொட்டாதீர்கள். வாசகர் முதலில் காரைப் பார்க்கவேண்டும். அந்தக் கண்ணாடி முத்திரை, அந்த நான்காவது கதவு என்று கண்ணில் பட்ட ஒரு வித்தியாசத்தில் தொடங்கி, அது ஏன் என்று போனால் சட்டமும் வரியும் தானாக உள்ளே வரும், அலுக்காது. ஓட்டிப் பார்த்திருந்தால் நேர்மையாகச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதலாம். பாசத்தில் மெழுகுபூசினால் அந்தக் காரின் சொந்தக்காரர்களே முதலில் முகம் சுளிப்பார்கள்.

இன்னொரு வேண்டுகோள். 'அந்த நாட்டின் மஸ்டாங்', 'ஏழைகளின் போர்ஷே' மாதிரியான அடைமொழிகளை ஒதுக்குங்கள். புகழ்பெற்ற பெயர் ஒன்றை முட்டுக்கொடுக்காமல் அந்தக் காரால் நிற்க முடியும். நீங்கள் விவரம் கொடுத்தால் போதும்.

அனுப்பும் முன் ஒவ்வோர் ஆண்டுக்கும் எண்ணுக்கும் பக்கத்தில், அது எங்கிருந்து வந்தது என்று உங்கள் பிரதியில் குறித்து வையுங்கள். இரண்டு இடங்களில் ஒரே எண் இருந்தால் இரண்டு சாட்சி என்று மகிழவேண்டாம், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதாகவும் இருக்கலாம். உறுதி இல்லாத எண்ணை வெட்டிவிடுங்கள். அந்த மாடலைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் ஒருவரிடம் தொழில்நுட்பப் பகுதியை மட்டும் படிக்கக் கொடுப்பது நல்லது.

9. அச்சான பிறகு

திருத்தம் சொல்லி யாராவது எழுதுவார்கள். பெரும்பாலும் கோபமாக எழுதுவார்கள், பெரும்பாலும் அவர்களிடம் ஒரு புதிய ஆவணம் இருக்கும். உடனே நன்றி சொல்லி, அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரைக்கான சரக்கு பல சமயம் இந்த வழியில்தான் வருகிறது.

பேசியவர்களுக்கும் வண்டியைக் காட்டியவருக்கும் இதழின் பிரதி ஒன்றை அனுப்பிவையுங்கள். நீங்கள் குறித்த சேஸிஸ் எண்கள், தேதிப் பட்டியல், ஒலிப்பதிவுகள், அச்சாகாத படங்கள் எல்லாவற்றின் நகலையும் அந்த மாடலின் சங்கத்துக்குக் கொடுங்கள். சங்கம் இல்லாவிட்டால் அந்த நாட்டின் வாகன அருங்காட்சியகத்துக்கோ தேசிய நூலகத்துக்கோ கொடுங்கள். கோப்புகளின் பெயரில் மாடல், ஆண்டு, சேஸிஸ் எண் மூன்றும் இருக்கட்டும். அடுத்து தேடிவருபவருக்கு உங்களைத் தெரிந்திருக்காது. அவர் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.